சித்திரையில் ஹீட்டர்

"இன்னொரு சாக்ஸும் மாட்டி விடுங்க" என்றாள் கனீஸ் பாத்திமா.

அப்துல் கையூம் மனைவியின் காலில் ஏற்கெனவே இருந்த சாக்ஸின் மேல் இன்னொன்றை இழுத்துவிட்டார். நர்ஸ் அவளுடைய கழுத்தோரம் தொங்கிய குழாயை டயாலிசிஸ் இயந்திரத்தில் இணைத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டுக்கு வந்துடுங்க. கார்ல அந்த ஏசிய மட்டும் போட்டுடாதீங்க."

கார் ஏசி கெட்டுப்போய் ஆறு வருடம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.

மூன்று வாரமாக இப்படித்தான். இயந்திரத்திலிருந்து கழற்றியதும் நடுக்கம் ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில், கார்க் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு, சால்வைக்குள் சுருண்டு, ரெட்டியார்பாளையம் வீடு வரும்வரை பல் கிட்டிக்கக் கிடப்பாள். டயாலிசிஸ் அறையின் ஏசிதான் அவள் உடம்பில் இறங்கிவிடுகிறது என்று கையூம் முடிவு செய்திருந்தார்.

இந்த ஊரில் குளிர் வேறு எங்கிருந்து வரும்?

எட்டரைக்கெல்லாம் அவர் மெக்கானிக் கலியமூர்த்தியின் ஒர்க்‌ஷாப்பில் நின்றார். தன் செருப்புக் கடையை அன்று திறக்கவில்லை.

"ஹீட்டரா?" என்றான் கலியமூர்த்தி. "சித்திரையில ஹீட்டர் கேக்குற மொத ஆளு நீங்கதான் பாய். வீட்டுக்காரம்மாவ ஊட்டிக்குக் கூட்டினு போறீங்களா?"

"ஆமா" என்றார் கையூம். "பதினொன்னரைக்குள்ள முடியணும்."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவிடம் இருபது வருடத்துக்கு முன் வாங்கிய கார் அது. ஹீட்டர் என்று ஒன்று அதில் இருப்பதே மூன்று வாரத்துக்கு முன்புதான் அவருக்கு நினைவு வந்தது. குமிழைச் சிவப்புப் பக்கம் எவ்வளவு தள்ளினாலும் வெதுவெதுப்பான மூச்சு மாதிரிதான் காற்று வந்தது.

கலியமூர்த்தி பானட்டைத் தூக்கினான்.

"எப்பலேருந்து இப்பிடி?"

"மூணு வாரமா."

"கெளம்புனதுமே இப்பிடியா, ஓடினப்புறமா? வுட்டு வுட்டு வருதா?"

கையூம் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். கவனித்துக் குறித்துவைத்ததுபோல் வரிசையாகச் சொன்னார்.

"உங்கள மாதிரி ஆளுங்கதான் பாய் வேணும்" என்றான் கலியமூர்த்தி. "பாதிப் பேரு வண்டி நின்னப்புறந்தான் வர்றான்."

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டான். சூடு காட்டும் முள் அடியை விட்டு அசையவில்லை. கையூம் முள்ளையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உட்காரச் சொல்லிப் போட்ட ஸ்டூலில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

எஞ்சினிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் கலியமூர்த்தி பிடித்துப் பார்த்தான். "ஒண்ணு கொதிச்சி ஒண்ணு குளுந்திருந்தா அடைப்பு. ரெண்டும் வெதவெதன்னு இருக்கு. தண்ணியே சூடேறல பாய்."

தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினான். உள்ளே, தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

அவன் சிரித்துவிட்டான். "நான்தான் கழட்டிப் போட்டிருப்பேன். நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு எல்லா வண்டியிலயும் கழட்டிடுவோம்."

"புதுசு கிடைக்குமா?"

"தேடணும்."

மூன்று கடைகளுக்கு போன் போட்டும் இல்லை. நான்காவது கடையில் இருந்தது. ஆட்டோவில் போய் அதை வாங்கி வந்தவர் கையூம்தான். பதினொன்று பத்து. பொருத்தி, தண்ணீர் ஊற்றி, காற்றெடுத்து, மறுபடி ஓடவிட்டார்கள்.

முள் அசைந்தது. மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது.

காற்றுத் துவாரத்தில் கையை வைத்த கலியமூர்த்தி வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டப் போவுது."

கையூம் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுக்கத் தள்ளி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அவள் ஏறும்போது சீட்டே சூடாக இருக்கவேண்டும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் அவரை உற்றுப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பல நாளுக்குப் பிறகு அவருக்கு விசிலடிக்கத் தோன்றியது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கனீஸின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

உள்ளிருந்து வெளியே வந்த டாக்டர் சின்னப் பெண். "நடுங்க ஆரம்பிச்சாங்க, பிரஷர் எறங்கிடுச்சு. ஐசியூவுக்கு மாத்துறோம். இந்தக் குளிர் எப்பலேருந்து சார்?"

"மூணு வாரமா."

"டயாலிசிஸ் நடக்கும்போதேவா, முடிஞ்சப்புறமா?"

"முடிஞ்சப்புறம். கார்ல ஏறினா ஜாஸ்தியாவும். வீட்டுக்குப் போனா ஒடம்பு சுடும். ரெண்டு மணி நேரத்துல வுட்டுடும்."

கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறினால் முதலில் குளிர்தான் வரும் என்றாள் டாக்டர். "இவ்ளோ சரியா கவனிச்சிருக்கீங்க. ஏன் எங்ககிட்ட சொல்லல?"

கையூமின் சட்டை நுனியிலிருந்து வியர்வை தரையில் சொட்டியது.

"ஹீட்டர் இன்னைக்குத்தான் சரியாச்சு" என்றார்.

ஆறாம் நாள் அவளை அடக்கம் செய்தார்கள்.

அடுத்த பங்குனியில் ஆயில் மாற்றப் போனபோது கலியமூர்த்தி வெகுநேரம் பானட்டுக்குள்ளேயே குனிந்திருந்தான். பிறகு நிமிராமலே கேட்டான். "வெயில் வருது. அந்த வால்வக் கழட்டிடட்டுமா பாய்?"

"இருக்கட்டும்."

இப்போதும் வண்டி கால் மணி நேரம் ஓடினால் முள் ஏறி நடுவில் வந்து நிற்கிறது.