குரங்கின் கையில் ஒரு கோடு

ஏழு வருஷமாக அண்ணன் முகத்தில் விழிக்காதவள் ஓமித்சு. விலங்குகளை அவள் வரைவாள். பக்கத்தில் கவிதையை அண்ணன் ஹெய்ஸோ எழுதுவார். அப்பாவின் சாவு வீட்டில் மூண்ட சண்டைக்குப் பிறகு, இருவருக்கும் நடுவே தாளைச் சுமந்தவர் அச்சுக்காரர் கிச்சிபெய்தான். இந்த முறை, மரக்கிளையிலிருந்து ஒற்றைக் கையை நீட்டும் குட்டிக் குரங்கை வரைந்து அனுப்பியிருந்தாள்.

செதுக்கிய பலகையில் கிச்சிபெய் மை பூசி, ஈரத்தாளை வைத்துத் தேய்த்து, மெல்ல உரித்தார். பட்டறை வாசலில் காத்திருந்த ஓமித்சுவைக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க வந்து பாருங்களேன்!"

கவிதையின் கடைசி எழுத்து வரிசையை விட்டு விலகி, கொடிபோல் தாளின் குறுக்கே இறங்கி, குரங்கின் உள்ளங்கையில் வந்து முடிந்திருந்தது. அண்ணன் ஒருநாளும் வரிசை மீறி எழுதியவர் இல்லை.

"நீங்க ஏதாவது சொன்னீங்களா அவர்கிட்ட?"

"நான் வாயே தெறக்கலம்மா. அந்தக் கோட்டைக் குரங்கோட கை வரைக்கும் இழுத்துட்டுத்தான் தூரிகைய எடுத்தார்."

"காயட்டும்மா!" என்று கிச்சிபெய் கத்துவதற்குள், ஓமித்சு ஈர அச்சை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு அண்ணன் வீட்டை நோக்கித் தெருவில் ஓடினாள்.

"அண்ணே! கதவத் தெறங்க!"

உள்ளே தூரிகை உருண்டு விழும் சத்தம் கேட்டது.