அழகாக அமுங்கும் பொத்தான்

ஒரு பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் செயலியில் 'சேமி', 'அழி' என்று இரண்டு பொத்தான்கள் குடியிருந்தன. சேமி நடுவில் பச்சையாக இருந்தது. அழி சிவப்பாக, தூரத்து மூலையில் தனியே இருந்தது. யாரும் தவறிக்கூடத் தன்னைத் தொட்டுவிடக் கூடாது என்பதால் அந்தத் தனிமை அதற்குப் பெருமைதான்.

எல்லாத் திரையும் ஒரே சீராக இருக்கட்டும் என்று, செயலியைக் கட்டியவர்கள் ஒரு ரெடிமேட் பொத்தான் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் மாதிரிப் பொத்தான் வந்து, இரண்டுக்கும் ஒரே நீலத்தைப் பூசி, பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தது.

அழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதிரிப் பொத்தானைப் பார்த்துக் கேட்டது: "ஏண்டா, உன்னை அழுத்தினா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. அழகா அமுங்குவேன். அதைப் பார்த்துத்தானே எங்களை எடுத்தாங்க!"

"என்னை அழுத்தினா ஒரு வகுப்போட மார்க்கே போயிடும்டா! என் சிவப்பைக் கொடு!"

"எங்க தொகுப்புல சிவப்பே கிடையாதுண்ணே."

அன்று மாலை தங்கபுஷ்பம் டீச்சர் கடைசி மதிப்பெண்ணைப் போட்டு முடித்தார். சேமிக்க வந்த விரல், ஒரு நூல் விலகி அழியின் மேல் இறங்கியது. "வேண்டாம் டீச்சர்!" என்று அழி அலறியது. அந்த நீலத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"பார்த்தீங்களாண்ணே," என்றது மாதிரிப் பொத்தான், "நீங்களும் எவ்வளவு அழகா அமுங்கினீங்க!"