கிரெடிட் மொய்

விடியற்காலையிலிருந்து லாரியில் தேங்காய் ஏற்றியதில் இடுப்பு கழன்று விழும்போல வலித்தது. ஆனால் அன்று என் மொய் விருந்து, படுக்க முடியாது.

பிழைப்புக்கு ஊர் மாறும்போதெல்லாம் கல்லூரியும் மாறினேன். மாறிய இடத்திலெல்லாம், முன்பு படித்த பாடங்களில் கொஞ்சத்தைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாவது கல்லூரியில் பட்டத்துக்கு ஐந்து கிரெடிட் குறைந்தது. அன்று மாலைக்குள் சேராவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

கறிச்சோறு தின்ற சொந்தபந்தம் வரிசையில் வந்து மொய் மேசையிலிருந்த கணினித் திரையில் கைரேகை வைத்தது. அவரவர் படித்துச் சேர்த்த கிரெடிட் என் பெயருக்கு மாறியது.

"எம் மருமவளுக்கு மண்ணியல் ரெண்டு!" என்று கத்தினார் மாமனார்.

"யோவ், நீ மூணு தடவ எழுதிப் பாஸான பாடமாச்சே அது!" என்றார் பின்னால் நின்றவர். பந்தலே சிரித்தது.

பந்தி முடிந்தும் ஒரு கிரெடிட் குறைந்தது. பந்தல்காரர் கயிற்றை அவிழ்க்கும்போது நாத்தனார் செங்கமலம் வந்தாள். எங்களுக்குள் ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

"கறி இருக்கா அண்ணி, வழிச்சு நக்கிட்டாங்களா?" என்றபடியே கட்டைவிரலை அழுத்தினாள்.

பட்டம் முடிந்தது என்று திரை சொன்னது. அவளை அப்படியே தூக்கிச் சுற்றினேன்.

"இறக்கு அண்ணி! ஒண்ணு வச்சா ரெண்டா திரும்பணும், முறை தெரியும்ல? எனக்குக் கணக்குப் பாடம்தான் வேணும்."

எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. செங்கமலத்துக்கு நான் கணக்கில் இரண்டு கிரெடிட் பாக்கி.