சாக விட்ட வயல்

“இந்த வயல் சாகணும் அக்கா. செத்தாத்தான் எனக்கு வேலை நடக்கும்.”

விதைத்த அன்று இந்துஜா சொன்னது இதே வார்த்தைகள்தானா, அன்று வரப்பில் நின்றிருந்த நான் நினைவில் மாற்றிக்கொண்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதைக் கேட்டு நின்ற வயல்காரி செல்லத்தாயின் முகம் சுருங்கியது உண்மை. அவள் கணவர் வைகுண்டராஜன்தான் சிரித்தார்.

“பயிரைக் கொல்லுகதுக்குச் சம்பளம் குடுக்கிற சர்க்காரை இப்பதான் பாக்கேன். நாங்க இத்தனை வருசமும் சும்மால்லா கொன்னுட்டு இருந்தோம்.”

இந்துஜா அருமனை ஊர்க்காரி. அரசு நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. மழை ஏமாற்றினாலும் கதிர் விடுகிற ஒரு நெல்லை உருவாக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஒன்றோடு ஒன்றைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரல்வாய்மொழிப் பக்கம், மின் காற்றாடிகளுக்குக் கீழே கிடந்த செல்லத்தாயின் மானாவாரி வயலைக் கன்னிப்பூ என்கிற முதல் போகத்துக்கு மட்டும் கேட்டு வாங்கினாள். வரிசைக்கு ஒரு கலப்பு நெல். எது வாடுகிறது, எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வறட்சியே தாங்காத பழைய நெல் ஒன்றையும் தெற்கு ஓரத்தில் வேண்டுமென்றே விதைத்திருந்தாள். அது கருகினால்தான் மற்றவற்றின் பலம் தெரியும்.

சித்திரை ஈரத்தில் விதைத்த பயிருக்கு ஆனியில் ஒரு மழை கிடைத்தது. அதன்பின் கணவாய்க் காற்று மட்டும்தான்.

இடையில் இந்துஜா பயிற்சிக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. திரும்பியபோது ஆடி பாதி ஆகிவிட்டது. மறுநாள் காலை அவளுடைய மேலதிகாரி வயலைப் பார்க்க வருகிறார். இந்த முறையும் ஒன்றும் தேறவில்லை என்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறியவள் அப்படியே நின்றாள். சுற்றிலும் தரிசு வெடித்துக் கிடக்க, அவளுடைய வயல் பச்சையாக நின்றது. ஏறக்குறைய எல்லா வரிசையும் தளதளவென்று இருந்தது. வடக்கு ஓரத்தில் ஒன்று மட்டும் குட்டையாக, தூசி படிந்து, பார்க்க அழகில்லாமல் நின்றது. அதில் அவள் கண் நிற்கவில்லை.

சிரித்துக்கொண்டேதான் தெற்கு ஓரத்துக்கு வந்தாள். செத்திருக்க வேண்டிய பழைய நெல் கதிர் தள்ளி நின்றது.

இந்துஜா குனிந்து அதன் காலடியில் விரலை நுழைத்தாள். ஈரம்.

அந்த நேரத்தில்தான் செல்லத்தாய் இடுப்பில் குடத்தோடு வரப்பில் வந்தாள். பின்னால் மண்வெட்டியோடு வைகுண்டராஜன்.

“அக்கா, இதுக்குத் தண்ணி ஊத்தினது யாரு?”

செல்லத்தாய் குடத்தை இறக்கி வைத்தாள். “நாந்தான்.”

“சாகணும்னு சொன்னேன்லா?”

“சொன்ன. நானும் சரின்னுதான் இருந்தேன். காலையில அய்யாவைக் கும்பிடுற தாங்கல்ல பணிவிடை முடிச்சு, தண்ணியும் கோரிக்கிட்டு இந்த வழியாத்தானே வாறேன். தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கு. தாகத்துல நிக்கிற உசுருக்கு முன்னால நிறைகுடத்தோட நடந்து போக எனக்குக் காலு வரல்ல மக்கா. அய்யா தாங்கல் கிணத்துல வாறவங்க எல்லாருக்கும் தண்ணி உண்டு. பயிருக்கு மட்டும் இல்லேன்னா எப்பிடி?”

“நான் அப்பவே சொன்னேன். ஏட்டி, அது சர்க்கார் சாவு, நீ இடையில போகாதேன்னு,” என்றார் வைகுண்டராஜன். “கேட்டாத்தானே.”

இந்துஜா சிரிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். செல்லத்தாயும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். வைகுண்டராஜன் மண்வெட்டிப் பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். தலைக்குமேல் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் வந்து வந்து போனது.

கடைசியில் இந்துஜா கைபேசியை எடுத்தாள்.

“யாருக்கு மக்கா?”

“சாருக்குத்தான். நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லப் போறேன். எல்லாமே தண்ணி குடிச்சிருக்கு. எது தாங்கினது, எது தாங்கலன்னு இனி எப்பிடிக் கண்டுபிடிக்க?”

“அப்போ நான் கெடுத்துட்டேனா?”

“உங்க மேல தப்பில்ல அக்கா. தாகத்துக்குத் தண்ணி குடுத்தவங்களை நான் என்ன சொல்ல?”

செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எல்லாத்துக்கும் நான் எங்க ஊத்தினேன்? எத்தனை நடை கோரினாலும் அம்புட்டுக்கும் காணுமா? தலை தொங்கினதுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு குடம்.” அவள் கை வடக்கு ஓரத்தை நோக்கி நீண்டது. “அந்தா தூசி பிடிச்சு நிக்குல்லா, அதுகிட்டயும் தினம் நின்னு பாப்பேன். அது ஒருநாளும் தலை தொங்கல்ல. கேக்காததுக்கு எதுக்கு ஊத்தணும்?”

இந்துஜாவின் விரல் கைபேசியிலேயே நின்றது. எழுந்து நடந்தாள். வடக்கு ஓரத்தில் மண்டியிட்டு மண்ணைக் கிளறினாள். சாம்பல் மாதிரிப் பொடிந்து காற்றில் பறந்தது. தூசி படிந்த தாள்களை மெல்ல விலக்கினாள். உள்ளே ஒவ்வொரு தூரிலும் கதிர் வந்திருந்தது.

அவள் திரும்பி வந்து செல்லத்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

வாய்வார்த்தையை நம்பி முடிவெடுக்க முடியாது, இன்னொரு முறை விதைத்துப் பார் என்று மேலதிகாரி சொன்னார். ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. அடுத்த கன்னிப்பூவுக்கு இந்துஜா அந்த வயலைப் பாதியாகப் பிரித்தாள். ஒரு பாதி சாக விட, மறு பாதி செல்லத்தாய் தண்ணீர் ஊற்ற. இரண்டு பாதியிலும் கதிர் முற்றியது அந்த ஒரு நெல்தான். அலுவலகத்தில் அதற்கு ஓர் எண் உண்டு. ஊரில் அதற்குக் ‘கேக்காத நெல்’ என்று பெயர், வைத்தவர் வைகுண்டராஜன். இந்துஜா இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறாள். ஆடி பிறந்தால் ஒருநாள் வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். செல்லத்தாய் இன்றும் அதே வழியாகத்தான் வருகிறாள்; வயல் முழுக்க இப்போது கேக்காத நெல், குடம் நிறைந்தபடியே வீடு போய்ச் சேருகிறது.