யானைக்கு என்ன குறை?

"தம்பி, யானை மறுபடியும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கு. என்ன பண்றதுன்னே தெரியலை."

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அந்தக் குரல் கேட்டதும் மிருக டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் டாக்டரும் இல்லை, எந்த மிருகத்தையும் பக்கத்தில் போய்த் தொட்டவனும் இல்லை. கம்ப்யூட்டரில் விலங்குக் காட்சிசாலை கட்டி நடத்தும் ஒரு பழைய விளையாட்டு. அதில் சந்தேகம் வந்து கூப்பிடுகிறவர்களுக்கு வழி சொல்வதுதான் அவன் வேலை. பொழுதுக்கும் 'புலி சாப்பிடலையா? மான் தப்பிச்சிடுச்சா?' என்று விசாரித்துக்கொண்டிருப்பவனுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

"சொல்லுங்கம்மா. தண்ணி இருக்கா?"

"குளமே வெட்டியாச்சு."

"நிழல்?"

ஃபோனைக் கையால் பொத்தும் சத்தம். திரையில் பார்த்துச் சொல்ல நேரமாகிறது போலும்.

"மரம் நிறைய இருக்கு தம்பி."

"தனியாவா விட்டிருக்கீங்க?"

மறுபடியும் பொத்தல். "ஆமா, தனியாத்தான் நிக்குது."

"அதான் விஷயம். யானைக்குத் துணை வேணும்மா. இல்லைன்னா நீங்க என்ன வசதி பண்ணிக் கொடுத்தாலும் அது முகம் தெளியாது."

"அட, இவ்வளவுதானா!"

வாரம் தவறாமல் இந்த அழைப்பு வந்துவிடும். ஒட்டகச்சிவிங்கி வேலியைத் தாண்டிப் பார்க்கிறது, குரங்கு ஐஸ்கிரீம் கடைக்குள் புகுந்துவிட்டது என்று ஏதாவது ஒரு வழக்கு. பாதிக்கு மேல் விளையாட்டுக்குள்ளேயே விடை இருக்கும். அதை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

காலையில் மேலாளர் அவன் மேஜைக்கே வந்திருந்தார். "விரல் விட்டு எண்ணுற ஆளுங்களுக்காக ஒரு லைனை ஓட்ட முடியாதுப்பா. இன்னையோட மூடுறோம். உனக்கு வேற பிரிவு. போறதுக்கு முன்னாடி, கூப்பிடுறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு வை. இந்தப் பழசை ஏன் இன்னும் விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க? புதுசு பண்றவங்களுக்கு உதவும்."

பேசுவதெல்லாம் பதிவாகும். சொந்தப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. மிருக டாக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அம்மா, கம்பெனியில கேக்கச் சொன்னாங்க. இந்த விளையாட்டுல உங்களுக்கு அப்படி என்ன பிடிச்சிருக்கு?"



"என் பையன் விளையாடினது தம்பி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிட்டு அது முன்னாடி உக்காந்துடுவான். நான் தட்டோட பக்கத்துல நிப்பேன். 'சிங்கத்துக்குப் பாறை வெக்கட்டா, மரம் வெக்கட்டா'ம்பான். நான் என்னத்தைக் கண்டேன்? 'ரெண்டையும் வைடா'ன்னு சொல்லி, வாய் திறந்த நேரமாப் பார்த்து ஒரு வாய் ஊட்டிடுவேன்."

மிருக டாக்டருக்கும் அந்தக் காலம் கண்முன் வந்தது. மேஜைக்கடியில் முனகும் பெட்டி. அதன் சூடு முழங்காலில் படும். வெறும் புல்தரையில் வேலி இழுத்து, பாதை போட்டு, வாசல் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பான். முதல் ஆள் டிக்கெட் வாங்கி உள்ளே வரும்போது 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். எழுந்திரு, உட்கார், படி என்று எல்லோரும் அவனை ஏவிய வயதில், அவன் சொன்ன இடத்தில் மரம் முளைத்த உலகம் அது ஒன்றுதான்.

"அதோட இன்னொண்ணு" என்றது குரல். "வீட்டுல யாருக்கு என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்றாங்களா? இதுல பாருங்க, ஒவ்வொண்ணு தலைக்கு மேலயும் குட்டியா ஒரு முகம் வருது. சுளிச்சுதுன்னா ஏதோ குறை. என்னன்னு தேடிச் சரி பண்ணிட்டா உடனே சிரிச்சிடுது. மனுஷங்களுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!"

"பையன் இப்ப... விளையாடுறதில்லையா?"

"அவனுக்கும் அவங்கப்பாவுக்கும் ஆகலை தம்பி. வேலை விஷயமா ஒரு வாக்குவாதம். 'இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு அவன். 'மிதிக்காதே'ன்னு அவர். ரெண்டும் ஒரே அச்சு. அன்னைக்குப் போனவன்தான், வீட்டு நம்பரைப் பார்த்தா எடுக்கிறதில்லை. அவரானா அவன் பேரையே உச்சரிக்கிறதில்லை."

மிருக டாக்டர் அடுத்த மேஜையை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். 

"அம்மா... நாளையிலேர்ந்து இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. இந்தப் பிரிவை இன்னையோட மூடுறாங்க."

எதிர்முனையில் ஒரு நாற்காலி இழுபட்டது. இந்தமுறை ஃபோனைப் பொத்த அந்தக் கைக்குத் தோன்றவில்லை.

"மூடுறாங்களா? அப்ப இனிமே ஒளிச்சு என்ன ஆகப் போகுது!" அதுவரை இருந்த மரியாதை சட்டென்று கழன்று விழுந்தது. "கேட்டுக்கோடா கண்ணா. உன் அம்மாவுக்கு அந்த மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. வாரா வாரம் ஏதாவது ஒரு மிருகத்துக்கு வேணும்னே குறை வெச்சுட்டு, 'கூப்பிட்டுக் கேளு, அவன் சொல்வான்'னு என் கையில ஃபோனைத் திணிக்கிறது உங்கப்பாதான்."