கறுப்பாக வந்த தாள்

கையில் நான்கு வெள்ளைச் சாமந்திப் பூக்களோடு, அண்ணன் வீட்டுக் கதவுக்கு முன் நின்று மின்கோ விசும்பிக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

அப்பா விட்டுப்போன, சாராயம் காய்ச்சும் செம்புக் கலம் யாருக்கு என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. குடியிருப்பது எதிர்க் கட்டடத்தில்தான். ஆனாலும் மின்கோ இந்தப் படியில் கால் வைத்ததில்லை. இப்போது வந்து என்ன பிரயோஜனம் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

மேல்மாடிப் பெண் நெவேனாவும் அங்கே நின்றாள். அவரிடம் ஒன்று சொல்லத்தான் மூச்சிரைக்க ஓடி வந்திருந்தாள். அவர் அழுவதைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

கதவு திறந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு அண்ணன் டோப்ரியே நின்றார்.

நெவேனாவுக்கு, பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. எல்லாம் அவள் போட்ட தாளால் வந்தது.

பகலில் அவளுக்கு மருந்துக்கடை வேலை. மாலையில் சமையலறை மேசையில் ஒரு பெரிய பிரிண்டரை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்குக் கேட்ட படத்தோடு கிஃப்ட் பேப்பர் அச்சடித்து விற்றாள். மாப்பிள்ளையின் மூக்கு, நாய்க்குட்டியின் முகம், எதைக் கேட்டாலும் போடுவாள். டோப்ரியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர் மனைவி ரைனாவும் கேட்டிருந்தார். நடுவில் கணவர் முகம், மேலே பெயர், கீழே வாழ்த்து, சுற்றிலும் சிவப்புக் கரை. அந்த மனிதர் சிரிக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாததால் அடையாள அட்டைப் படத்தையே கொடுத்தார்.

முதல் தாளில் சிவப்பு மை இறங்கவில்லை. கரை உட்பட மொத்தமும் கறுப்பாக வந்தது. நெவேனா அதைக் கீழ்வாசல் காகிதத் தொட்டியில் போட்டுவிட்டு வேறு அச்சடித்துக் கொடுத்தாள். கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

இன்று காலை பார்த்தால், அந்தத் தாள் கட்டடத்தின் வாசற்கதவில், இறப்பு அறிவிப்பு ஒட்டுகிற இடத்தில் இருந்தது. கறுப்புக் கரைக்குள் படமும் பெயரும் இருந்தால் அவர்கள் ஊரான ரூசேயில் யாரும் வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள். வாழ்த்து வரி உள்பக்கமாக மடிந்து ஒட்டியிருந்தது, அவள் சுரண்டி எடுக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் பாதிக் கட்டடம் பார்த்துவிட்டது. மின்கோ பூக்கடைக்கே போய் வந்துவிட்டார்.

டோப்ரி தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"நாலு பூ. செத்தவனுக்குக் குடுக்கிற மாதிரி இரட்டைப்படையில கொண்டாந்திருக்கே."

மின்கோவின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "கீழ உன் படத்தை ஒட்டி என்னை வரவழைச்சு, ஊர் முன்னாடி அழவிட்டுட்டு, இப்ப பூவை எண்ணுறியா அண்ணே?"

"நானா ஒட்டினேன்? பொறந்தநாளும் அதுவுமா என்னைச் சாகடிச்சுப் பார்க்க உன்னை விட்டா யாருக்குடா ஆசை?"

மின்கோ தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார். இப்போது இறங்கிப் போனால் இனி இந்தப் பக்கம் வரவே மாட்டார் என்பது நெவேனாவுக்குத் தெரிந்தது. பேசாமல் நகர்ந்துகொண்டால் அவள் பெயர் வெளியே வராது என்பதும் தெரிந்தது. படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தாள் என்னோடது மாமா. கெட்டுப்போச்சுன்னு தொட்டியில போட்டேன், யாரோ எடுத்து ஒட்டிட்டாங்க. உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பொறுப்பில்லாத ஜென்மம் என்றார் ஒருவர். மருந்தையும் இப்படித்தான் மாற்றிக் கொடுப்பாயா என்றார் மற்றவர். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார். மாவு ஒட்டிய கையோடு வந்த ரைனா, தன் புருஷனை உயிரோடு இருக்கும்போதே பரலோகம் அனுப்பி வைத்துவிட்டாளே என்று இருவரையும்விட உரக்கக் கத்தினார். கீழ்வீட்டுக்காரி, பேத்தியின் ஞானஸ்நானத்துக்குச் சொன்ன பேப்பர் இனி வேண்டாம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போனாள். காது இரண்டும் எரிய, நெவேனா தலையைக் குனிந்து நின்றாள்.

திட்டி முடித்த களைப்பில் மின்கோ கையிலிருந்த பூக்களைப் பார்த்தார். ஒன்றை உருவிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, மிச்சம் மூன்றை நீட்டினார்.

"நல்லாயிரு அண்ணே."

டோப்ரி நுரையைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டார். "உள்ள வாடா," என்றார்.

நெவேனா மேலே போய் பிரிண்டரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். தெருவில் இனி எந்த முகத்தோடு நடப்பது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஆவி பறக்கும் பாலாடைக்கட்டி அப்பத்தோடு ரைனா நின்றார். கீழே இரண்டு ஆண்கள் சிரிக்கிற சத்தம் மாடிவரை கேட்டது. மன்னித்துவிடுங்கள் அத்தை என்று நெவேனா மறுபடி ஆரம்பித்தாள்.

ரைனா தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் முகம் அவளுடையதைவிடச் சிவந்திருந்தது. அவள் கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நீ ஏன்டி அழறே? ஒட்டினது நான்தான்."