ஜடை போட்டது யார்

ஜன்னல் வெயில், சாட்சிக் கூண்டில் நிற்கும் ஹெலனின் எண்ணெய்ப் பின்னலில் மின்னுகிறது. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தடுப்பூசியைத் தசையில் போடாமல் தோள்மூட்டிலேயே இறக்கிவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக வலக்கை மார்புக்கு மேல் எழும்புவதில்லை. நஷ்டஈடு கேட்டு வந்திருக்கிறாள். "கை தூக்க வராதுன்னு கேஸு. ஜடை மட்டும் ஜோரா இருக்கே, யாரம்மா போட்டது?" என்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல். "எங்க வீட்டுக்காரருதான் சார்." கூடம் சிரிக்கிறது. "ஹௌதா, அப்படியா சாமி, நீங்களா?" வக்கீல் பெஞ்சுப் பக்கம் திரும்புகிறார். மர்பி டவுன் வீட்டில் தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பின்னிவிடும் அவள் கணவன் இம்மானுவேல், பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்கிறான். "சொல்லுங்களேன்," என்கிறாள் ஹெலன். நீதிபதியின் பேனா தாளில் இறங்குகிறது. ஹெலன் இடக்கையால் ரப்பர் பேண்டை உருவிப் பின்னலைக் குலைக்கிறாள். முடி முகமெல்லாம் சரிகிறது. "என்னங்க, சீப்பு உங்க பையிலதான இருக்கு? வந்து பின்னுங்க." சட்டைப்பையைப் பொத்தியபடி அவன் உட்கார்ந்தே இருக்கிறான்.